எல்லையில் நிற்போருக்குக் கருவியும் ஆலோசகரும் ஒருசேர வேண்டும்: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர் சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சின் அதிகாரிகளுக்கும், சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் திட்டப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருப்பதாகப் பரிசோதனையில் தெரியவருவோருக்கு, முடிவு கைக்கு வந்த சில வாரங்களுக்குள்ளாகவே இரண்டு உதவிகள் சேர்ந்து கிடைக்க வேண்டும். ஒன்று, இரண்டு வாரம் அணிந்துகொள்ளும் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி. மற்றொன்று, அதில் பதிவானவற்றை நேரில் விளக்கி, அவரவர் வீட்டுச் சமையலுக்கு ஏற்ப உணவைத் திருத்திக் கொடுக்கும் உணவியலாளரின் ஆலோசனை. இவற்றை இணைத்து ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் கொடுத்தால் போதிய பயன் விளையாது என்பது என் உறுதியான கருத்து. கருவியைத் தனியே கொடுப்பதில் தீங்கும் உண்டு. அதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

நான் மருத்துவர் அல்லேன். பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது ஈசூன் வட்டாரத்தில், ஆங்கிலத்தில் வரும் பரிசோதனை முடிவுகளைத் தாமாகப் படித்தறிய இயலாத தமிழ் மூத்தோருக்கு அவற்றை எடுத்துச் சொல்லும் தொண்டூழியர்களில் ஒருத்தி. என் இரத்தச் சர்க்கரையும் சில காலமாக அதே எல்லையில்தான் நிற்கிறது என்பதால், அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் எதிரில் உட்காருவோரின் குழப்பத்தை நான் நன்றாகவே அறிவேன். "சுகர் பார்டர்ல இருக்காம், இன்னும் வரலையாம்" என்று சொல்லிவிட்டுச் சிலர் நிம்மதியாக எழுந்து போய்விடுகிறார்கள். சிலர் அன்றிலிருந்தே சோற்றுக்கு அஞ்சத் தொடங்குகிறார்கள். அடுத்த வேளை என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பது மட்டும் இரு சாராருக்குமே தெரிவதில்லை.

வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 6.1 முதல் 6.9 மில்லிமோல் வரை இருந்தாலோ, குளுக்கோஸ் கரைசலைக் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் அளவு 7.8 முதல் 11.0 வரை இருந்தாலோ நீரிழிவுக்கு முந்திய நிலை என்கிறோம். முன்னது 7.0 ஆகவும் பின்னது 11.1 ஆகவும் உயர்ந்தால் அது நீரிழிவு. இடைப்பட்ட இந்தக் காலத்தில் வலி இல்லை, தாகம் இல்லை, வேலைக்குப் போவதில் தடையில்லை. வாழ்க்கைமுறையை மாற்றாவிட்டால் இந்நிலையில் இருப்போரில் மூன்றில் ஒருவருக்கு 8 ஆண்டுகளுக்குள் இரண்டாம் வகை நீரிழிவு வந்துவிடும் என்று பொதுமக்களுக்குத் தொடர்ந்து எடுத்துச் சொல்லப்படுகிறது. மீண்டு வருவதற்கு வாய்ப்பு மிகுந்த காலமும் இதுவே. ஆனால் இக்காலத்தில் பலருக்கும் கிடைப்பது சில நிமிட அறிவுரைதான்: இனிப்பைக் குறையுங்கள், சோற்றைக் குறையுங்கள், நடங்கள், அடுத்த ஆண்டு மறுபடியும் வந்து பாருங்கள். இதைச் சொல்லும் மருத்துவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. காத்திருப்போர் வரிசை வாசல்வரை நீளும் ஒரு மருந்தகத்தில் அவரால் அதற்கு மேல் சொல்லவும் இயலாது.

அரசு இத்துறையில் செய்துள்ளதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். 2016 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் நீரிழிவுக்கு எதிரான போர் அறிவிக்கப்பட்டபோது, 400,000க்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாகவும், தடுக்காவிட்டால் 2050இல் அந்த எண்ணிக்கை ஒரு மில்லியனை எட்டக்கூடும் என்றும் கூறப்பட்டது. 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் திரு லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது எங்கள் சமூகத்தில் பலரை உலுக்கியது. பானங்களுக்கான நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு 2022 டிசம்பர் 30 முதல் புட்டியிலும் பொட்டலத்திலும் வருபவற்றுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தருபவற்றுக்கும் நடைமுறைக்கு வந்தது. 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் தொடங்கி, 40 வயதுக்கு மேற்பட்டோரை ஒரு குடும்ப மருத்துவருடன் இணைத்தது. தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வின்படி, 2019-20இல் 9.5 விழுக்காடாக இருந்த நீரிழிவு விகிதம் 2021-22இல் 8.5 விழுக்காடாக இறங்கியது. பரிசோதனைக்கு வழி உண்டு, மருத்துவர் உண்டு, பானத்துக்குக் குறியீடு உண்டு. தட்டில் விழும் உணவு ஒவ்வொருவர் உடலிலும் என்ன செய்கிறது என்பதைக் காட்டும் ஏற்பாடுதான் இன்னும் இல்லை.

பானத்துக்கு வழிகாட்டுவது எளிது; காப்பிக்கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரை "தே ஓ கொசோங்" என்று கேட்டு வாங்கிவிடலாம். சோறு அப்படிப்பட்டதன்று. சீனா, ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 350,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, நாளொன்றுக்குக் கூடுதலாகச் சாப்பிடும் ஒவ்வொரு பரிமாறலளவு வெள்ளைச் சோற்றுக்கும் நீரிழிவு வரும் வாய்ப்பு 11 விழுக்காடு உயர்வதாகக் கண்டது. அந்தக் கணக்கு 2016இல் இங்கு பெரிதும் பேசப்பட்டது. அன்று முதல் "சோறுதான் எதிரி" என்ற எண்ணம் பல வீடுகளில் குடியேறிவிட்டது. சோற்றை விட்டவர்கள் அதற்குப் பதிலாக எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. இரவில் சோற்றுக்குப் பதில் இரண்டு பிராட்டா சாப்பிடுபவர், தாம் கட்டுப்பாட்டுடன் இருப்பதாகவே நம்புகிறார். கோதுமை என்றாலே நல்லது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிராட்டா மைதாவில் செய்வது என்பதை அவருடன் உட்கார்ந்து பேசினால்தான் தெளிவுபடுத்த முடியும்.

இன்று நம் கையில் இருக்கும் இரத்தப் பரிசோதனைகளின் எல்லையையும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றுப் பரிசோதனை காலை வேளையின் ஒரு கணத்தை மட்டும் காட்டுகிறது. எச்பிஏ1சி என்ற மற்றோர் இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிறது. மாணவனின் ஆண்டிறுதிச் சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அவன் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான் என்று ஓர் ஆசிரியையால் சொல்ல முடியாததைப் போல, அந்த எண்ணைக் கொண்டு சிக்கல் காலை இட்லியில் உள்ளதா, நள்ளிரவுச் சாப்பாட்டில் உள்ளதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு, இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தால் எச்பிஏ1சி உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் நம் பெண்கள் அறிய வேண்டிய செய்தி.

தொடர் கண்காணிப்புக் கருவி இந்த இடைவெளியை நிரப்புகிறது. மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு வில்லை. அதிலிருந்து மயிரிழை போன்ற ஓர் உணரி தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் ஆழம் சென்று, உயிரணுக்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் குளுக்கோஸ் அளவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறது. இரத்தத்தை நேரடியாக அளக்காததால், உணவுக்குப் பிந்திய ஏற்றம் சில நிமிடங்கள் பின்தங்கியே அதில் தெரியும். முதல் நாள் அளவுகள் சற்றுப் பிசகும். கருவி ஒட்டிய கையின்மேல் சாய்ந்து தூங்கினால் அளவு பொய்யாகத் தாழ்ந்து காட்டும். இவற்றையெல்லாம் அறிந்து படித்தால், அது பதியும் கோடு ஒருவரின் அன்றாட வாழ்க்கையை உள்ளபடி காட்டுகிறது.

என் செலவில் அதை வாங்கி அணிந்தபோது நான் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்னி மட்டும் தொட்டுச் சாப்பிட்ட இட்லிக்கும், அதைவிட ஒன்று குறைத்துக் காய் நிறைந்த சாம்பாரும் அவித்த முட்டையும் சேர்த்துச் சாப்பிட்ட இட்லிக்கும் இடையே கோட்டின் உயரத்தில் பெரிய வேறுபாடு இருந்தது. இரவு உணவுக்குப் பின் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடந்த நாள்களில் ஏற்றம் விரைவாகத் தணிந்தது. இயங்கும் தசை இன்சுலினின் உதவி இன்றியே குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்ளும் என்று வகுப்பில் நானே கற்பித்த பாடந்தான் அது. காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு சோற்றைக் கடைசியில் எடுத்துக்கொள்வது ஏற்றத்தைக் குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்வதையும் என் சமையலறையிலேயே சோதித்துப் பார்த்துக்கொண்டேன். எங்கள் புளோக்கில் வசிக்கும், இரவுப் பணி பார்க்கும் பாதுகாவல் அதிகாரி ஒருவருக்கு வேறொன்று தெரிந்தது. பகலில் உண்டால் அவருக்குப் பெரிதாக ஏறாத அதே மீ கோரெங் (வறுத்த நூடல்ஸ்), விடியற்காலை வேலை முடிந்து உண்டபோது நெடுநேரம் இறங்காமல் நின்றது. அவரிடம் "இனிப்பைக் குறையுங்கள்" என்று எத்தனை முறை சொல்லியிருந்தாலும் இது வெளிப்பட்டிருக்காது. அவர் இனிப்பே சாப்பிடுவதில்லை.

ஒருவருக்கு ஏறுவது மற்றவருக்கு ஏறுவதில்லை என்பது ஆய்விலும் நிலைபெற்ற செய்திதான். 2015இல் இஸ்ரேலின் வைஸ்மான் அறிவியல் கழக ஆய்வாளர்கள் 800 பேருக்கு ஒரு வார காலம் இத்தகைய கருவியை அணிவித்து, ஒரே உணவுக்கு ஒவ்வொருவர் உடலும் எவ்வளவு வேறுபட்டு எதிர்வினை காட்டுகிறது என்பதை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் பொதுவான அட்டவணை ஒன்றை அச்சிட்டுக் கொடுப்பதால் ஓரளவுக்கு மேல் பயன் இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். இந்தக் கருவியை அணிந்தால் நீரிழிவு வராது என்று நீண்டகால ஆய்வு எதுவும் நிறுவவில்லை. நிறுவப்பட்டிருப்பது ஆலோசனையின் பயன். 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர் பங்கேற்றனர். உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டு நெருக்கமான ஆலோசனை பெற்றவர்களிடம் நீரிழிவு தோன்றுவது 58 விழுக்காடும், மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை உண்டவர்களிடம் 31 விழுக்காடும் குறைந்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது, மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 531 பேரிடம் நடந்த அதில், உணவு, உடற்பயிற்சி ஆலோசனை மட்டுமே நீரிழிவு தோன்றுவதை 28.5 விழுக்காடு குறைத்தது. மெட்ஃபார்மினைச் சேர்த்தும் அதற்குமேல் பயன் கூடவில்லை.

அந்தச் சென்னை ஆய்வில் என் மனத்தை விட்டு நீங்காத செய்தி ஒன்று உண்டு. பங்கேற்றவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலேயே அந்தப் பயன் கிடைத்தது. நம்மவர்கள் பலர் ஒல்லியாக இருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் உடலமைப்பு உடையவர்கள். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23இலிருந்தே அபாயம் கூடுகிறது என்று இங்கு வகுத்திருப்பதும் இதனால்தான். இத்தகையவருக்கு எடைத்தராசு நல்ல வழிகாட்டியாகாது. மாதக்கணக்கில் ஒழுங்காக உண்டு, நடந்து, தராசில் முள் நகராததைக் கண்டு மனம் தளர்ந்து கைவிட்டவர்களை நான் அறிவேன். உள்ளே நிகழும் முன்னேற்றத்தை அவர்கள் கண்ணுக்குக் காட்ட வேறொரு சான்று வேண்டும். உணவுக்குப் பிந்திய ஏற்றம் தணிந்திருப்பதைக் காட்டும் கோடு அந்தச் சான்றாக அமையும். கருவியை ஆலோசனைக்குத் துணையாக வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

இனி, கருவியைத் தனியே கொடுப்பதிலுள்ள தீங்கு. 2024இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இன்சுலின் எடுத்துக்கொள்ளாத பெரியவர்கள் மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடிய கண்காணிப்புக் கருவிகளுக்கு முதன்முறையாக ஒப்புதல் அளித்தது. இங்கும் உடல்நலம் பேணுவோரிடையே இக்கருவிகள் பரவி வருகின்றன. நூறு வெள்ளிக்கு அருகில் செலவழிக்க முடிந்தவர் வாங்கி அணிந்து, தாமே பொருள் கொள்கிறார். நோயற்றவர்களுக்கும் உணவுக்குப் பின் அளவு சிறிது நேரம் 7.8ஐத் தாண்டுவதுண்டு என்பதை அவரிடம் யார் சொல்வது? ஒவ்வோர் ஏற்றத்தையும் நோயின் அறிகுறியாக எண்ணிப் பழங்களையும் பருப்பையும்கூட ஒதுக்கிவிட்ட ஓர் இளம்பெண்ணை எனக்குத் தெரியும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. எண்ணெயும் நெய்யும் தேங்காய்ப்பாலும் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் கோடு உயராமல் படுத்தே கிடக்கும். இட்லிக்கு ஏறிய கோடு உளுந்து வடைக்கு ஏறவில்லை என்று கண்டவர் நாள்தோறும் வடையைத் தேர்ந்தால், கருவி அவரைப் பாராட்டிக்கொண்டே இருக்கும். அவருடைய கொழுப்பு அளவும் இதய நாளங்களும் அதன் விலையைச் செலுத்தும். குளுக்கோஸை மட்டும் அளக்கும் ஒரு கருவிக்கு உப்பும் கொழுப்பும் நார்ச்சத்தும் தெரியாது. அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கப் பயிற்சி பெற்றவர் உணவியலாளர். அவர் இல்லாத இடத்தில் இந்தத் தரவு மக்களைத் தவறான திசையில் இட்டுச் செல்லும் என்று அஞ்சுகிறேன்.

அந்த உணவியலாளர் எங்கள் சமையலை அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாரியத்தின் "எனது ஆரோக்கியத் தட்டு" வழிகாட்டி, தட்டில் பாதியைக் காய்கறிக்கும் பழத்துக்கும், கால் பங்கை முழுதானியத்துக்கும், கால் பங்கைப் புரதத்துக்கும் ஒதுக்கச் சொல்கிறது. நல்ல வழிகாட்டிதான். ஆனால் எங்கள் வீடுகளில் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு வாங்கி உண்ணும் வழக்கம் தட்டைப் பகுதி பிரிக்கும் படத்துக்குள் அடங்குவதில்லை. தோசை மாவில் அரிசியும் உளுந்தும் எந்த விகிதம், புட்டுக்குக் கடலைக்கறியா வாழைப்பழமும் சர்க்கரையுமா, உருளைக்கிழங்குப் பொரியலைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கிறார்களா, விரத நாள்களில் என்ன உண்கிறார்கள், தீபாவளிக்கு முன் எத்தனை நாள் வீட்டில் முறுக்கு இருக்கும் என்பவை எல்லாம் கேட்கத் தெரிந்தவர் கேட்டால்தான் வெளிவரும். மூத்தோர் பலர் இவற்றை ஆங்கிலத்தில் சொல்ல இயலாமல் "எல்லாம் சாதாரண சாப்பாடுதான்" என்று முடித்துக்கொள்வதை மொழிபெயர்க்க உடன் அமர்ந்திருந்த வேளைகளில் பார்த்திருக்கிறேன். ஆலோசனைக்கு வருபவர் ஒருவராகவும் சமைப்பவர் மற்றொருவராகவும் இருப்பதும் உண்டு. மனைவியையோ மருமகளையோ பணிப்பெண்ணையோ சேர்த்து அழைக்காமல் கணவருக்கு மட்டும் சொல்லும் அறிவுரை அடுப்படியை எட்டுவதில்லை. கணவரே சமைக்கக் கற்றுக்கொள்ளலாமே என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது இம்மடலின் பொருளன்று.

திட்டம் எப்படி நடக்கலாம் என்பதற்கு என் எண்ணத்தை முன்வைக்கிறேன். பரிசோதனை முடிவு உறுதியானதும், பலதுறை மருந்தகத்திலோ ஹெல்தியர் எஸ்ஜி குடும்ப மருத்துவரிடமோ தாதி ஒருவர் கருவியைப் பொருத்தி, அதன் குறைகளையும் சேர்த்துச் சொல்லி அனுப்பலாம். முதல் வாரம் வழக்கமான உணவையே உண்டு, ஒவ்வொரு வேளையும் தட்டைப் படமெடுத்து வைத்தால் போதும். எழுதத் தெரியாதவருக்கும் இது இயலும். அந்த வாரத்தின் முடிவில் முதல் ஆலோசனை. அதில் ஒரே ஒரு வேளையை, அதிலும் அவர் விட்டுக்கொடுக்க மனம் வைக்கும் வேளையை மட்டும் எடுத்துத் திருத்தம் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரம் அந்தத் திருத்தத்தைக் கருவியுடனேயே சோதித்துப் பார்க்கட்டும். கருவியைக் கழற்றும்போது இரண்டாவது ஆலோசனை, மூன்று மாதம் கழித்து மூன்றாவது. இடையில் தொலைபேசி அழைப்போ குறுஞ்செய்தியோ போதும். இந்தியாவில் 537 ஆண்களுக்கு இரண்டாண்டுக் காலம் குறுஞ்செய்தி வழியே வாழ்க்கைமுறை ஆலோசனை அனுப்பிய ஆய்வொன்றில் நீரிழிவு தோன்றுவது 36 விழுக்காடு குறைந்ததாக 2013இல் வெளியானது. அத்தகைய செய்திகளை நான்கு மொழிகளிலும் அனுப்புவது சிங்கப்பூருக்கு அரிய செயலன்று. எண்களைப் பார்த்துப் பதறும் இயல்புடையவருக்கு, அணியும்போது அளவைக் காட்டாமல் பின்னர் ஆலோசகர் முன்னிலையில் மட்டும் தரவைத் திறக்கும் வகைக் கருவிகளும் உள்ளன. வாழ்நாள் முழுதும் யாரும் இதை அணியத் தேவையில்லை. இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொண்டு, கருவியைக் கழற்றிவிட்டு வாழ வேண்டும் என்பதே நோக்கம்.

செலவைப் பற்றிய கேள்வி எழும். நீரிழிவுக்கு முந்திய நிலை, நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவைப் பயன்படுத்த உதவும் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தின் பட்டியலில் ஏற்கெனவே நீரிழிவோடு சேர்ந்து இடம்பெற்றுள்ளது. அந்தக் கதவைச் சற்று அகலத் திறந்து, ஆலோசனையுடன் இணைத்துத் தரப்படும் ஒரு கருவிக்கு மட்டும் மெடிசேவையும், சாஸ் எனப்படும் மருத்துவ உதவி அட்டை வைத்திருப்போருக்கு மானியத்தையும் அனுமதிக்கலாம். ஆலோசனைக்கு வராதவருக்குக் கருவிக்கான மானியம் கூடாது என்று விதித்தாலும் நான் வரவேற்பேன். உணவியலாளர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை என்பது இதைவிடக் கடினமான தடை. ஒரே மொழி பேசும், ஒத்த உணவு உண்ணும் எட்டுப் பத்துப் பேரைச் சமூக மன்றத்திலோ துடிப்பாக மூப்படைதல் நிலையத்திலோ ஒன்றாக அமர்த்தி, அவர்கள் இசைந்தால் ஒருவர் கோட்டை மற்றவர் பார்க்கும்படி ஆலோசனை வழங்குவது ஆள்பற்றாக்குறைக்கு ஓரளவு விடை தரும்.

இரண்டு பிரிவினரை விட்டுவிட வேண்டாம். ஹெல்தியர் எஸ்ஜியின் வயது வரம்பு 40. எங்கள் சமூகத்தில் முப்பதுகளிலேயே அளவு எல்லையைத் தொடுவோர் உண்டு. 18 முதல் 39 வயதினருக்கான நீரிழிவு அபாய மதிப்பீட்டை 2017இலேயே வாரியம் கொண்டுவந்தது. அதன்வழி பரிசோதனைக்கு வந்து எல்லையில் இருப்பதாகக் கண்டறியப்படும் இளையோரும், கருவுற்றபோது நீரிழிவு ஏற்பட்டுப் பின் நீங்கிய தாய்மாரும் இத்திட்டத்தில் சேர வேண்டும். மற்றொரு பிரிவினர், தங்குவிடுதிகளில் வாழும் வெளிநாட்டு ஊழியர்கள். மூன்று வேளையும் பொட்டலமாக வரும் சோற்றை உண்ணும் அவர்களுக்குத் தேர்வு செய்ய இடமே இல்லை. அவர்களுக்குக் கருவியைவிட, உணவு வழங்கும் ஒப்பந்தக்காரருக்கு ஓர் உணவியலாளர் பருப்பும் காயும் கூடிய பட்டியலை வகுத்துக் கொடுப்பதே முதலில் வேண்டும்.

முன்னோட்டத்தை நேர்மையாக அளக்கவும் வேண்டுகிறேன். வழக்கமான அறிவுரை பெறுவோர், ஆலோசனை மட்டும் பெறுவோர், ஆலோசனையோடு கருவியும் பெறுவோர் என மூன்று குழுக்களை வைத்து, ஓராண்டிலும் மூன்றாண்டிலும் குளுக்கோஸ் அளவோடு கொழுப்பு, இரத்த அழுத்தம், உணவு குறித்த மனக்கலக்கம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருவியால் கூடுதல் பயன் இல்லை என்று தெரியவந்தால் அதை வெளிப்படையாக அறிவித்து, அந்தப் பணத்தை மேலும் பல உணவியலாளர்களை அமர்த்தச் செலவிட வேண்டும். பங்கேற்போரின் தரவு கருவி விற்கும் நிறுவனங்களின் விளம்பரத்துக்கோ காப்புறுதி நிறுவனங்களின் கணக்குக்கோ போகாது என்ற உறுதியை எழுத்தில் தருவதும் இன்றியமையாதது. இல்லையேல் வேலையிலிருப்போர் முன்வர மாட்டார்கள்.

தமிழ் வீடுகளில் சமைக்கும் காலை, இரவு உணவுகளைக் கிராம் கணக்கில் அல்லாமல் கரண்டி, கிண்ணம், எண்ணிக்கை ஆகிய அளவுகளில் தொகுத்து ஆலோசகர்களுக்குக் கொடுக்கும் பணியில் என்னைப் போன்ற தொண்டூழியர்கள் சிலர் உதவ அணியமாக இருக்கிறோம். வாரியத்தின் உணவியலாளர் ஒருவர் அதைச் சரிபார்த்துத் தர ஒப்புக்கொண்டால், நீங்கள் குறிக்கும் நாளில் வந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
ஈசூனில் வசிக்கும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை